சீனாவில் எழுத்தே ஓவியம். தமிழில் ஏன் அப்படி ஆகவில்லை? உடையார்பாளையம் வட்டாரத்தில் கிடைக்கும் பதில்

அரியலூர் மாவட்டம், உடையார்பாளையம் வட்டத்தில் இருக்கிறது மாளிகைமேடு. கங்கைகொண்ட சோழபுரம் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில், சோழர்களின் அரண்மனை இருந்த இடம். தமிழ்நாடு தொல்லியல் துறை 1980-களில் தொடங்கி இங்கே விட்டுவிட்டு அகழாய்வு செய்துவருகிறது. செங்கல் சுவர், கூரை ஓடு, இரும்பு ஆணி, கண்ணாடி வளையல் என்று கிடைத்தவற்றில், பளபளப்பான பூச்சு போட்ட சில பீங்கான் சில்லுகளும் உண்டு. அவை உள்ளூர்ச் சரக்கு இல்லை. சீனாவிலிருந்து கப்பலில் வந்தவை.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சோழர்கள் சீனாவுக்கு ஒன்றுக்கு மூன்று முறை தூதுக்குழு அனுப்பியிருக்கிறார்கள். 1015, 1033, 1077 என்று ஆண்டோடு சீனாவின் சோங் அரசமரபு ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. 1077-ல், முதலாம் குலோத்துங்கன் காலத்தில் போன குழுவில் 72 பேர். அவர்கள் போய்ச் சேர்ந்த சமயத்தில், சீனத் தலைநகர் கைஃபெங்கின் அரண்மனையில் குவோ ஷி என்ற ஓவியர் பணியில் இருந்தார். அவர் 1072-ல் வரைந்த ‘இளவேனில் தொடக்கம்’ என்ற மலைக்காட்சி இன்றும் சீன ஓவியத்தின் சிகரங்களில் ஒன்று. சூ ஷி என்ற கவிஞர் அப்போது நாற்பது வயதில் மாகாண அதிகாரியாக இருந்தார். அவர் கையெழுத்துக்காகவே ஆட்கள் தவம் கிடந்தார்கள்.

ஆக, ஆட்கள் போனார்கள். முத்து போனது, பீங்கான் வந்தது. ஆனால் சீனர்கள் எதை எல்லாக் கலைக்கும் மேலாக வைத்தார்களோ, அந்தப் பிரஷ் எழுத்து மட்டும் இந்தப் பக்கம் வரவே இல்லை. ஏன்?

அழகா எழுதினால் அது காலிகிராஃபியா?

நமக்கு காலிகிராஃபி என்றால் கல்யாணப் பத்திரிகையில் வளைத்து வளைத்து எழுதுவதுதான் நினைவுக்கு வரும். சீனாவில் கதை வேறு. அங்கே அழகு என்பது இரண்டாவது விஷயம்தான். எழுதியவர் யார், எழுதும்போது எப்படி இருந்தார் என்பது கோட்டில் தெரியணும்.

அது எப்படித் தெரியும்? கருவியில் இருக்கிறது ரகசியம். மரபாக ‘நான்கு செல்வங்கள்’ என்று சொல்வார்கள்: தூரிகை, மைக்கட்டி, காகிதம், மைக்கல். ஆட்டு முடி, கீரி இனத்து விலங்கின் முடி, முயல் முடி எல்லாம் தூரிகைக்கு ஆகும். பைன் மரப் புகைக்கரியையோ எண்ணெய் விளக்குக் கரியையோ விலங்குப் பசையில் குழைத்து இறுக்கியது மைக்கட்டி. தண்ணீர் விட்டு, மைக்கல்லில் மெதுவாக உரைத்தால் மை. நம்ம வீட்டில் சந்தனக்கட்டையை உரைப்பது மாதிரியே.

காகிதம்தான் இதில் கறாரான ஆள். அன்ஹுய் மாகாணத்தில் ஒருவகை மரப்பட்டையும் வைக்கோலும் சேர்த்துச் செய்யப்படும் ‘ஷுவான்’ காகிதம், மையைத் தொட்டதும் உறிஞ்சிவிடும். கை ஒரு நொடி தயங்கினால் அங்கே ஒரு திட்டு. வேகமாக இழுத்தால் முடிகள் பிரிந்து, கருப்புக்கு நடுவில் வெள்ளைக் கீற்றுகள். அதற்கு ‘பறக்கும் வெள்ளை’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அழிக்க முடியாது. மேலே இன்னொரு கோடு போட்டுச் சரிசெய்தால் உடனே காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்றும் இருக்கு. ஒவ்வொரு சீன எழுத்துக்கும் எந்தக் கோடு முதலில், எது அடுத்து என்ற வரிசை உண்டு. பள்ளிக்கூடத்திலேயே அது மண்டையில் ஏறிவிடும். அதனால் நூறு வருஷம் கழித்துப் பார்ப்பவர்கூட, கை எங்கே ஆரம்பித்தது, எங்கே அழுத்தியது, எங்கே மூச்சு விட்டது என்று மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். ஒரு ஆடியோ ரெக்கார்டிங்கை மறுபடி கேட்பது போலத்தான் அது. நல்ல கையெழுத்துக்கு முன்னால் நிற்கும் சீனர்களின் ஆள்காட்டி விரல் காற்றில் லேசாக அசைவதைப் பார்க்கலாம். அதன் காரணம் இதுதான்.

அடித்தல் திருத்தலோடு ஒரு மாஸ்டர்பீஸ்

353-ஆம் ஆண்டு வசந்தத்தில் வாங் ஷீஜி என்பவர் நண்பர்களோடு ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தார். ஓடையில் மதுக்கிண்ணத்தை மிதக்கவிட்டு, அது யார் முன்னால் நிற்கிறதோ அவர் கவிதை சொல்லணும் என்பது விளையாட்டு. அந்தக் கவிதைகளுக்கு அவர் அங்கேயே எழுதிய முன்னுரைதான் ‘ஆர்க்கிட் மண்டப முன்னுரை’. சீனக் கையெழுத்துக் கலையின் உச்சம் என்று கொண்டாடப்படுவது இது. அதில் ‘ஜி’ என்ற ஒரே எழுத்து 20 இடங்களில் வருகிறது. 20-ம் வேறு வேறு மாதிரி. மூலப் பிரதி இப்போது இல்லை. தாய்சோங் பேரரசர் அதன் மேல் இருந்த மோகத்தில் தன்னோடு புதைக்கச் சொல்லிவிட்டார் என்பது மரபுக் கதை. இன்று உலகம் பார்ப்பது பிரதிகளை மட்டும்தான்.

ஆனால் சீனர்கள் எதற்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறார்கள் என்று புரிய, இதற்கு அடுத்த இடத்தில் வைக்கப்படும் தாளைப் பார்ப்பது நல்லது. 758-ல் யான் ஜென்ச்சிங் என்ற அதிகாரி எழுதியது. ஆன் லூஷான் கலகத்தில் அவருடைய அண்ணன் மகன் கொல்லப்பட்டான். அவனுக்கான இரங்கல் உரையின் வரைவு அது. வரைவு என்றால் நிஜமாகவே வரைவு: அடித்திருக்கிறார், ஓரத்தில் சேர்த்திருக்கிறார், மை தீர்ந்து வறண்ட பிறகும் தூரிகையை நனைக்காமல் எழுதிக்கொண்டே போயிருக்கிறார். முதல் வரிகள் நிதானமாக இருக்கின்றன. போகப் போக எழுத்து சிதறுகிறது. ‘நீட் காப்பி’ எடுத்திருந்தால் இந்தத் தாளுக்கு இன்று மதிப்பே இருந்திருக்காது. தாய்பெய் அரண்மனை அருங்காட்சியகம் 2019-ல் இதை டோக்கியோவுக்குக் கண்காட்சிக்கு அனுப்பியபோது, ‘இவ்வளவு நலிந்த தாளைப் போய் வெளியே அனுப்பலாமா’ என்று பெரிய சர்ச்சையே கிளம்பியது. துக்கம் எழுதிய தாள் என்பதால் வந்த கோபம் அது.

மூங்கிலை ‘எழுதுவது’

சீன ஓவியத்துக்கு வருவோம். இங்கேதான் சுவாரஸ்யம். எழுதுவதற்கும் வரைவதற்கும் அங்கே ஒரே தூரிகை, ஒரே மை, ஒரே காகிதம், ஒரே மணிக்கட்டு. படித்த அதிகாரிகள் பொழுதுபோக்காக மூங்கில் போட்டபோது ‘மூங்கில் வரைந்தேன்’ என்று சொல்லவில்லை. ‘மூங்கில் எழுதினேன்’ என்றார்கள். மூங்கில் தண்டுக்கு ஒரு எழுத்துவகையின் கோடு, இலைக்கு இன்னொன்றின் கோடு என்று பாடமே இருந்தது. சூ ஷியின் உறவினரும் நண்பருமான வென் தோங் இதில் மன்னன். மூங்கில் முதலில் நெஞ்சில் முழுசாக முளைத்திருக்கணும், பிறகுதான் கை தூரிகையைத் தொடணும் என்று அவருடைய முறையைப் பற்றி சூ ஷி எழுதினார். ‘நெஞ்சில் முழு மூங்கில்’ என்பது இன்றைக்கும் சீன மொழியில் ஒரு மரபுத்தொடர். ஆபீஸ் பிரசன்டேஷனுக்குத் தயாராக வந்தவரைக்கூட அப்படிச் சொல்லலாம்.

எழுத்தும் படமும் ஒரே சாதி என்பதால், படத்தின் மேலேயே எழுதுவதும் தப்பில்லை. குவோ ஷியின் ‘இளவேனில் தொடக்கம்’ ஓவியத்தின் மேற்பகுதியில் ஒரு கவிதை இருக்கிறது. எழுதியவர் குவோ ஷி இல்லை. கிட்டத்தட்ட 700 வருஷம் கழித்து, 1759-ல் சியென்லோங் பேரரசர். கூடவே சிவப்பு முத்திரைகள். நம்ம ஊர்க் கோயில் சுவரில் பெயர் கிறுக்குகிறவர்களுக்கு இந்தத் தகவல் தெரியாமல் இருப்பது நல்லது. (அந்தப் பேரரசர் கொஞ்சம் ஓவராகத்தான் முத்திரை குத்தினார் என்று சீனர்களே கிண்டலடிப்பார்கள்.)

சரி, தமிழில் மட்டும் என்ன குறை?

குறை என்று சொல்ல முடியாது. மொழியையே பாருங்கள். பழந்தமிழில் ‘எழுத்து’ என்றாலே ஓவியம் என்றும் பொருள் உண்டு. சித்திரம் எழுதினார்கள், கண்ணுக்கு மை எழுதினார்கள். தூரிகைக்குத் துகிலிகை, வட்டிகை என்று தனிச் சொற்கள் இருந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் 1931-ல் வெளிச்சத்துக்கு வந்த சோழர் ஓவியங்களைப் பார்த்தால், பிரஷ் பிடிக்கத் தெரியாத கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்தத் தூரிகை சுவரோடு நின்றுவிட்டது. கவிதையும் கணக்கும் கடிதமும் ஓலைக்குப் போயின. ஓலையில் எழுத்தாணி. இரண்டு கருவிகளும் ஒரே கையில் சந்திக்கவே இல்லை.

எழுத்தாணி எப்படி வேலை செய்யும் என்று பார்த்தால் மீதி புரியும். பதப்படுத்திய பனை ஓலையை இடது கையில் பிடித்து, இடது கட்டைவிரலில் எழுத்தாணியின் முனைக்குத் தாங்கல் கொடுத்து, ஓலையை நகர்த்தி நகர்த்திக் கீறிக்கொண்டே போகணும். கீறும்போது எழுத்து கண்ணுக்குச் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது. பிறகு கரியும் பச்சிலைச் சாறும் தடவித் துடைத்தால்தான் கீறலில் கருப்பு தங்கி, எழுத்து மேலே வரும். அழுத்தினால் கோடு தடிக்காது, ஓலைதான் கிழியும். வேகமாக எழுதினால் ‘பறக்கும் வெள்ளை’ வராது. ஒரே தடிப்பில், ஒரே சீராக ஓடும் கோடு மட்டும்தான். எழுதியவர் அழுதுகொண்டே எழுதினாரா, சிரித்துக்கொண்டா என்று ஓலை சொல்லாது.

ஓலைக்குப் பயந்து எழுத்தே மாறியதும் உண்டு. சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எ, ஏ இரண்டுக்கும், ஒ, ஓ இரண்டுக்கும் ஒரே வடிவம். ‘கொடு’ என்று இருக்கிறதா ‘கோடு’ என்று இருக்கிறதா என்பதை வரியின் பொருளை வைத்து ஊகிக்கணும். இந்தக் குழப்பத்தைத் தீர்த்து நெடிலுக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் என்று கருதப்படும் வீரமாமுனிவர், நெடுநாள் தங்கியிருந்ததும் இதே அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில்தான். இத்தாலியில் பிறந்து 1747-ல் இறந்த அந்தப் பாதிரியாரின் கை, நீங்கள் இப்போது படிக்கும் ‘ஏ’-விலும் ‘ஓ’-விலும் இருக்கிறது. தமிழில் ஒரு தனி மனிதரின் கை இவ்வளவு ஆழமாகப் பதிந்ததற்கு வேறு உதாரணம் அரிது.

வட்ட வட்டமான எழுத்துக்கு ஓலைதான் காரணம், நேர்கோடு போட்டால் நார் பிரிந்துவிடும் என்றும் ஒரு விளக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும். முழு உண்மை இல்லை. ட, ப, ம எல்லாம் கோடு போட்டு உட்கார்ந்திருக்கிறதே.

சொல்பவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர்

கருவி பாதிக் காரணம்தான். மீதி, கவிதை எங்கே உருவானது என்பதில் இருக்கிறது. சூ ஷி கவிதை எழுதினால், அந்தத் தாளே கவிதை. 1082-ல் நாடுகடத்தப்பட்ட ஊரில், குளிரிலும் மழையிலும் அவர் எழுதிய இரண்டு கவிதைகளின் சுருள் இன்றும் தாய்பெயில் இருக்கிறது. கவியும் கையும் ஒன்று.

இங்கே கவி வேறு, கை வேறு. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களை வாயால் சொல்லிக்கொண்டே போவார். மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். அப்படி எழுதியவர்களில் ஒருவர் உ.வே.சாமிநாதையர். 19-ஆம் நூற்றாண்டிலும் இதுதான் நடைமுறை என்றால், அதற்கு முன்னால் எப்படி இருந்திருக்கும்! ஓலை சில நூற்றாண்டுகள் தாங்கினாலே பெரிது. கரையானுக்கும் ஈரத்துக்கும் தப்ப, பழசு நைவதற்குள் புதுசில் படியெடுத்துக்கொண்டே இருக்கணும். படியெடுத்தவர்கள் கடைசி ஏட்டில் தங்கள் பெயர், தேதி எழுதி, பிழை இருந்தால் பொறுக்கச் சொல்லியிருப்பார்கள். அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்த இடம். கம்பனின் கையெழுத்து எப்படி இருந்தது என்று தமிழர்கள் யாரும் ஏக்கப்பட்டதாகவும் தெரியவில்லை.

அப்படியென்றால் சீனர்கள் கோட்டில் தேடியதை நாம் எங்கேயும் தேடவில்லையா? தேடினோம், குரலில். இதற்கும் உடையார்பாளையத்திலேயே சாட்சி இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே ஜமீன் சமஸ்தானத்து வித்வானாக இருந்தவர் கனம் கிருஷ்ணையர். ‘கனம்’ என்பது பெயர் இல்லை. கனமார்க்கம் என்ற கடுமையான பாடுமுறையில் தேர்ந்ததால் ஒட்டிய பட்டம். உ.வே.சா.வின் தந்தை வேங்கடசுப்பையருக்கு அவர் உறவினரும் சங்கீத குருவும். உ.வே.சா. பிறகு அவருடைய வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார்.

ஒரே பதம், ஒரே ராகம். ஆனால் யார் பாடுகிறார் என்பது முதல் பிடியிலேயே தெரிந்துவிடும். குருவின் பாடாந்தரத்தை வருஷக்கணக்கில் அப்படியே பாடிப் பழகி, பிறகு மெதுவாகத் தன் பாணி. சீனாவில் எழுத்து கற்பதும் அச்சு அசல் இதே வழி: பழைய மேதையின் எழுத்தின் மேல் தாள் வைத்து எழுது, பிறகு பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுது, பல வருஷம் கழித்து உன் எழுத்து வரும். வாங் ஷீஜியின் 20 ‘ஜி’-க்களை ஒரு வரிக்கு 20 சங்கதி என்று புரிந்துகொள்ளலாம். என்ன, அங்கே தாள் மிஞ்சியது. கிருஷ்ணையரின் குரல் காற்றோடு போய்விட்டது. பதங்கள் மட்டும் மிச்சம்.

கருப்பூரில் இன்னொரு பேனா

கையின் கோடு இந்த வட்டாரத்தில் அடியோடு இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கொள்ளிடத்தின் வடகரையில், இதே உடையார்பாளையம் வட்டத்தில் கோடாலிகருப்பூர் இருக்கிறது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக இங்கே நெய்யப்பட்ட புடவைகள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கின்றன. ஜரிகை நெசவுக்கு மேல், மெழுகு தடவி, கையால் கோடு போட்டுச் சாயம் ஏற்றிய வேலை. அரச ஆதரவு போனதும் புடவை நின்றுபோனது. அதே மரபின் கிளையான கருப்பூர் கலம்காரி, கோயில் விதானத்துக்கும் தொம்பைக்கும் மூங்கில் குச்சிப் பேனாவால் வரைவது, சில குடும்பங்களின் கையில் இன்னும் ஓடுகிறது. 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மை ஊறும் பரப்பில், அழிக்க முடியாத கோடு என்ற வகையில் சீனத் தூரிகைக்கு இங்கே மிகப் பக்கத்துச் சொந்தம் இதுதான். ஆனால் அதிலும் எழுதியவர் பெயர் கிடையாது.

இரண்டு எழுத்தும் நேருக்கு நேர் நின்ற இடங்களும் உண்டு, கல்லில். தென்சீனத் துறைமுகமான ச்சுவான்ஜோவில் தமிழ் வணிகர்கள் கட்டிய சிவன் கோயிலின் கல்வெட்டு, 1281-ஆம் ஆண்டுக்குரியது. தமிழ் வரிகளுக்குக் கீழே சீன எழுத்தும் இருக்கிறது. இலங்கையின் காலியில் 1911-ல் கண்டெடுக்கப்பட்ட கல் இன்னும் விசேஷம். சீனக் கடற்படைத் தலைவர் ஜெங் ஹே கொண்டுவந்தது, 1409 தேதியிட்டது: சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் காணிக்கை விவரம். கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் நேரில் பார்க்கலாம். இந்தக் கல் சீனாவிலேயே வெட்டித் தயாராகிக் கப்பலேறியது என்பது ஆய்வாளர்களின் கருத்து. அப்படியானால் தமிழை அங்கே யாரோ ஒருவர் எழுதிக் காட்ட, சிற்பி வெட்டியிருக்கணும். யார் என்று கல்லில் இல்லை.

ஃபோன் வந்த பிறகு?

சீனக் கையெழுத்துக் கலையை யுனெஸ்கோ 2009-ல் மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில்தான் சீனாவில் இன்னொரு புலம்பலும் சூடுபிடித்தது. ‘பேனாவை எடுத்தால் எழுத்து மறக்குது’ என்று அதற்கு ஒரு தொடரே இருக்கிறது. காரணம் எளிது. ஃபோனில் சீனம் டைப் செய்பவர்கள் உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள், திரை சில எழுத்துகளைக் காட்டுகிறது, தொட்டால் முடிந்தது. பார்த்தால் அடையாளம் தெரிகிறது, எழுதச் சொன்னால் கை நிற்கிறது. ஆயிரக்கணக்கான எழுத்துகள் உள்ள மொழியில் இது விளையாட்டு இல்லை. 2013-ல் சீனக் கல்வித் துறை பள்ளிகளில் கையெழுத்துக் கலை கற்பிக்க வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. அதே ஆண்டு அரசுத் தொலைக்காட்சியில் மாணவர்களுக்கு ‘டிக்டேஷன்’ போட்டி ஒளிபரப்பாகி, ஹிட்டும் ஆனது.

தமிழில் 247 எழுத்து என்றாலும் உண்மையில் மனப்பாடம் செய்யவேண்டிய வடிவங்கள் குறைவு. ‘அம்மா’ என்பதற்கு ஆங்கிலத்தில் அடித்துப் பழகியவருக்கும் அ எழுத வராமல் போகாது. நம்ம பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரசுவதி மகால், பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகம் எனப் பல இடங்களில் சுவடிகள் பாதுகாப்பாக இருக்கின்றன, ஸ்கேனும் ஆகின்றன. புள்ளி இல்லாத, குறில் நெடில் பிரியாத அந்த எழுத்தை ஓட்டமாகப் படிக்கத் தெரிந்த கண்கள்தான் வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன. ஸ்கேன் செய்த படத்தை யாராவது ஒருவர் வாசித்தால்தானே அது நூல்?

கீபோர்டு பிடிக்காத சீனப் பெரியவர்கள் இன்றும் திரையில் விரலால் எழுதித்தான் செய்தி அனுப்புகிறார்கள். தமிழுக்கும் அந்த வசதி இருக்கிறது. கூகுள் கீபோர்டில் கையெழுத்து உள்ளீட்டைத் தேர்ந்தெடுத்து எழுதிப் பாருங்கள். ஃபோன் உங்கள் விரல் எந்தக் கோட்டை முதலில் இழுத்தது, எங்கே தூக்கியது என்று கவனித்துத்தான் எழுத்தைக் கண்டுபிடிக்கிறது. கண்டுபிடித்த அடுத்த நொடி, நீங்கள் போட்ட கோடு மறைந்து, எல்லோருக்கும் வருகிற அதே எழுத்துரு அங்கே வந்து உட்கார்கிறது.